அரை மில்லிமீட்டர்

ஒரு சமையலறையின் படம் முழுதாக வெந்து வர
நாற்பத்தொரு நிமிடம்.
முதலில் ஜன்னல் வெளிச்சம்,
பிறகு சிங்க், பிறகு குழாயின் பளபளப்பு,
சதுரம் சதுரமாக.
அதற்குள் போக்னா பாத்திரம் துலக்கிவிடுவாள்,
அக்காவோடு போனில் சண்டை போட்டு
சமாதானமும் ஆகிவிடுவாள்.
காலையில் வாடிக்கையாளர் சொல்வார்:
அலமாரிக் கதவுகள் பச்சையாக இருக்கட்டுமே.
இன்னொரு நாற்பத்தொன்று.

பிட்டோம் நகரில் ஜனவரி.
அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் புரண்டு படுக்கும்;
மூன்றாவது மாடியில்
கோப்பைக்குள் கரண்டி தானாகக் கிணுங்கும்.
கெரார்ட் தலை தூக்கவில்லை.
பதினொரு இரவாக அவன்
இரண்டு பத்திகளுக்கு நடுவே குடியிருக்கிறான்.

ஆறு கோர். எட்டு கோர்.
இதற்கு வேகம் ஒரு முடி கூட.
அதற்கு கேஷ் இரண்டு மடங்கு.
இது அறுபத்தைந்து வாட்டில் அடக்கமாக இருக்கும்,
அது நூற்றைந்தைக் குடித்துவிட்டு
அறையையே சூடாக்கும்.
"குளிருக்கு அதுவே நல்லதுதானே" என்றாள்.
அவன் அதையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டான்.

அளந்தவர்கள் எல்லாரும் விளையாட்டை வைத்தே அளந்திருந்தார்கள்,
வினாடிக்கு எத்தனை காட்சி என்று.
பச்சைக் கதவை வைத்து ஒருவரும் அளக்கவில்லை.

புதுத் தலைமுறைக்கே போகலாம் என்றால்
மதர்போர்டு மாற வேண்டும்,
மதர்போர்டு மாறினால் மெமரி,
மெமரி மாறினால் மார்ச் மாத வாடகை.
பொத்தான் வாங்கப் போனவன்
பொத்தானுக்குச் சட்டை தைக்கிற கதை.
இருக்கிற சாக்கெட்டில் உட்காரும் எட்டு கோர்,
பழையது, ஆனால் பெட்டி பிரிக்காதது.
சரி.

வெள்ளிக்கிழமை, மளிகைக்கடை ஓரப் பார்சல் பெட்டியில்
ஒரு குட்டிக் கதவு தானே திறந்துகொண்டது.

சூடாக இருக்கும்போது திருகி எடு
என்று படித்திருந்தான்.
ஆறிப்போனதை நேராக இழுத்தான்.
காய்ந்த பசையோடு, பூட்டியிருந்த சாக்கெட்டை மீறி,
கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டே
பழைய ப்ராசஸர் வெளியே வந்தது,
வேரோடு பிடுங்கிய கீரைபோல.
ஓரத்தில் நான்கு கால்கள் படுத்திருந்தன.
போகட்டும், இனி அதற்கு என்ன வேலை.

புதியதை வைத்தான். பசை, கூலர், திருகு.
மின்விசிறி சுழன்றது.
திரை கறுப்பு.
மறுபடி. கறுப்பு.

நள்ளிரவில்தான் புரிந்தது:
இந்தப் போர்டுக்கு வந்தவனை அடையாளம் தெரியவில்லை.
பயாஸைப் புதுப்பித்தால் தெரியும்.
பயாஸைப் புதுப்பிக்க
போர்டுக்குத் தெரிந்த ஒருவன் உள்ளே இருக்க வேண்டும்.
தெரிந்தவனோ, முட்டை அட்டையில்,
கால் மடங்கிக் கிடக்கிறான்.

கெரார்ட் தன் அட்டவணையைப் பார்த்தான்.
அதில் இதற்குக் கட்டம் இல்லை.

போக்னா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.
வரைபடம் போடும் அரை மில்லிமீட்டர் பென்சில்;
குச்சியை உதறிவிட்டு
வெற்று முனையை ஒரு காலுக்குள் நுழைத்தாள்.
மூச்சு விடவில்லை.
அவனையும் விட விடவில்லை.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் அடியில் சுரங்கம் அசைந்து
கரண்டி கிணுங்கியது; கையை எடுத்தாள்,
காத்திருந்தாள், மறுபடி நுழைத்தாள்.

இரண்டேகாலுக்குத் திரையில் எழுத்து வந்தது.
பழையவன் பென் டிரைவைப் படித்தான்.
நூறு சதவீதம் ஆனதும் அவனையே கழற்றினார்கள்,
இம்முறை சூட்டோடு, திருகி.

இப்போது பதின்மூன்று நிமிடம்.
சிங்கில் பாதிப் பாத்திரம் சோப்போடு நிற்கிறது,
அக்காவிடம் சண்டைதான் முடிகிறது,
சமாதானத்துக்குள் படம் வந்துவிடுகிறது.

கெரார்ட் விளம்பரம் போட்டான்:
ஆறு கோர், நூற்றிருபது ஸ்லோட்டி,
நான்கு கால்கள் நிமிர்த்தப்பட்டவை, ஓடுகிறது.
ஸாப்ஜெவிலிருந்து மெலானியா என்றொரு பெண்
பனி ஒட்டிய காலணியோடு வந்தாள்.
அவளிடம் இப்போது இருப்பது இரண்டு கோர்.
போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து
"எந்த நான்கு?" என்று கேட்டாள்.

கெரார்ட் குனிந்தான்.
போக்னாவும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தாள்.
மூன்று தலைகள், ஒரு வெளிச்சம்;
வெகுநேரம் தேடினார்கள்.