இரண்டு புள்ளி மூன்று

பஹாவ் ஆலையின் எடைமேடையில்
இரவு வேலை எனக்கு.
லோரி ஏறும், எண் குதிக்கும், நிற்கும்.
முப்பத்திரண்டு டன் நானூறு.
செம்பனைக் குலையில் பத்துக் கிலோ கூடக்குறைய இருந்தால்
யாரும் சண்டைக்கு வருவதில்லை.
என் கணக்கு வேறு.
ஒரு நொடியை நூறாக நறுக்கி
அதில் பதினான்கு துண்டுக்காக
மூன்று வருஷமாய் அலைகிறேன்.

காலை ஏழுக்குச் சட்டை மாற்றிக்கொண்டு
நாற்பத்தேழாம் பிளாக் செம்மண் பாதை.
டவுன் பாடாங் கிடைக்காது.
வியாழன் பாசார் மாலாம், வெள்ளி சனி பந்து,
மற்ற நாள் புல் வெட்டுகிறார்கள்
அல்லது வெட்டப்போகிறார்கள்.
இங்கே மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்.
பதினோரு இடைவெளி, மேலே ஒரு மீட்டர்,
அதுதான் என் நூறு.
அந்த ஒரு மீட்டருக்கு
ஒரு உரச்சாக்கை விரித்து வைத்திருக்கிறேன்.
மாடு மென்றுவிட்டால் வேறு சாக்கு.

துப்பாக்கிக்குப் பதில் ரஃபிக்.
குல்னாவிலிருந்து வந்து குலை வெட்டுகிறவன்.
அரிவாள் கம்பின் அடியால்
தள்ளுவண்டித் தகரத்தில் ஒரே தட்டு.
முதல் வாரம் ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டுத் தட்டினான்.
எண்ணாதே, என்றேன் மலாயில்.
எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால்
உடம்பு ஏமாற்றும்.
சிரித்தான்.
அவன் பெர்மிட்டும் அப்படித்தானாம்.

அறுபதாவது மீட்டரில் கிழிந்தது, அன்று.
இடது பின்தொடை.
ஈரத்துணியை உதறுவதுபோல் ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்டது.
எட்டாம் தடத்தில் குப்புற விழுந்து
ரப்பர் தரையை முகர்ந்துகொண்டு கிடந்தேன்.
அம்மாவின் வேலைச்சட்டை வாசம்.
சங்கத்தில் சொன்னார்கள்,
வயது முப்பதைத் தொடுகிறது, கோச் ஆகலாமே,
கோர்ஸ் இருக்கிறது, சாப்பாடு உண்டு.

ஐந்து மாதம் நடந்தேன்.
பிறகு நடையை மறக்கப் பழகினேன்.

போன சனிக்கிழமை புக்கிட் ஜாலில்.
அறிவிப்பாளர் தேவமலர் வரை வந்து
ஏ பி-யில் இடறிப்
பெருமாளை விட்டுவிட்டார்.
அப்பா இல்லாமலே குனிந்தேன்.
வேட்டு.
பிறகு பதினோரு மரம்.
நடுவில் அறுபது வந்தது, போனது,
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
பலகையில் எண் எரிந்தது.
ஒலிம்பிக் அளவுக்கு இரண்டு துண்டு உள்ளே!
பக்கத்துத் தடத்து ஹுய் மின்
தோற்றதை மறந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அப்புறம்தான் அந்தச் சின்ன எண்.
காற்று, கூட்டல் இரண்டு புள்ளி மூன்று.
இரண்டுக்கு மேலே போனால்
ஓட்டம் செல்லும், நேரம் செல்லாது.
மெடல் மாட்டினார்கள். கைகொடுத்தார்கள்.

எவ்வளவு காற்று அது?
கொடியைப் பார்த்தேன், தொங்கிக்கொண்டிருந்தது.
என் கூந்தலுக்கே தெரியவில்லை.
ஆனாலும் யாரோ முதுகில் கைவைத்துத்
தள்ளியதாக எழுதியாயிற்று.
முப்பத்தோரு வருஷத்தில்
யார் என்னைப் பின்னாலிருந்து தள்ளினார்கள்?
அன்றைக்கு ஒருநாள், கேட்காமல்.
அதுவும் அதிகமாம்.

பஸ்ஸில் சிரிப்பாய் வந்தது.
குவாலா பிலா தாண்டியதும் வேறாய் வந்தது.
பன்னிரண்டுக்கு எடைமேடையில் உட்கார்ந்தேன்.
லோரிக்கார ஆறுமுகசாமி எட்டிப்பார்த்தார்.
ஜெயிச்சியா?
ஜெயிச்சேன்.
அப்போ ஒலிம்பிக்தானா?
முப்பத்தொரு டன் எழுநூற்றிருபது, என்றேன்,
கையெழுத்துப் போடுங்க.

இன்னும் ஒரு போட்டி இருக்கிறது, மாதக் கடைசியில்.
லீவு இன்னும் கேட்கவில்லை.

இன்று காலை
ஒரு பிடி செம்மண் எடுத்து விரல்வழி விட்டேன்.
நேர்கீழே விழுந்தது.
மட்டை ஒன்றும் அசையவில்லை.
சாக்கு அதன் இடத்தில் இருக்கிறது.
விரல்களை ஊன்றி
இடுப்பைத் தூக்கினேன்.
ரஃபிக்,
எண்ணாதே.