அடுப்புக்கு மேலே ஓர் ஆணி

எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால்
மதியம் இரண்டரை வரை பேருந்து என்னுடையது.
டனீடின் நகரின் மேட்டுத் தெருவொன்றில்
சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
ஓட்டுநர் இருக்கையிலேயே எழுதுகிறேன்.
இருபது வருடம். ஆறு பாகம்.
இதுவரை கொன்ற பேரரசர்கள் பதினொரு பேர்.
ஒருவருக்கும் சளி பிடித்ததில்லை.

ஏழாம் பாகம் நகரவில்லை.

என் நாட்டில் ஏழு ஆறுகள்.
கரையெங்கும் சிவப்பு விளக்குகள் தொங்கவிட்டிருந்தேன்;
யாரும் எண்ணெய் ஊற்றாமலே எரிந்தன.
பச்சைக்கல் வளையல், மூங்கில், மூடுபனி:
சீனம் என்று நான் எழுதியதெல்லாம்
ஒரு தேயிலை டப்பாவின் மூடியிலிருந்து வந்தது.

வெட்கம் வந்த வருடம் எழுத்துப் படிக்கப் போனேன்.
செவ்வாய் மாலை, நூலகத்தின் மேல்மாடி.
லான்ஜோவிலிருந்து வந்த ச்சூ வென்ஜிங்
பகலில் பல் மருத்துவ மாணவன்;
என் கோடு கோணினால் "சொத்தை" என்பான்.
மனிதன், அவன் பக்கத்தில் மலை,
இரண்டும் சேர்ந்தால் சாகாதவன் என்றான்.
நான் சன்னல் வழியே பார்த்தேன்.
இந்த ஊரில் எல்லார் பக்கத்திலும் மலைதான்.
போன வாரம்கூட இரண்டு பேரைப் புதைத்தார்கள்.

அடுப்புத் தெய்வத்தைப் பற்றியும் அவன்தான் சொன்னான்.
வருடம் முழுக்கச் சுவரிலிருந்து பார்க்குமாம்.
கடைசியில் மேலே போய்
ஒன்று விடாமல் ஒப்பிக்குமாம்.
வீட்டார் முந்திக்கொண்டு
அதன் வாயில் இனிப்பைத் தடவிவிடுவார்களாம்.
கோள் சொல்லும் தெய்வம்!
லஞ்சத்துக்கு மசியும் தெய்வம்!
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

படம் தபாலில் வந்தது.
மின்னடுப்புக்கு மேலே ஒட்டினேன்.
அது கிளம்பவேண்டிய நாளில் இங்கே நடுக்கோடை.
எரித்து அனுப்புவதுதான் முறை;
ஊரிலோ தீ மூட்டத் தடை.
மானுகா தேனைச் சுண்டுவிரலால் ஒரு தீற்று தீற்றி
என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன்.
அக்காவின் கடிதத்தை
மூன்று மாதமாய் நான் பிரிக்கவில்லை என்றா?

விடிந்தால் தாடியெல்லாம் எறும்பு.
உதட்டிலிருந்து கூரைவரை ஒரே வரிசை,
துளித்துளியாய் அதன் வாயை
மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

ஏணியைத் திருப்பித் தர வந்தாள் பக்கத்து வீட்டு மேவிஸ் சின்.
நான்கு தலைமுறையாய் இங்கே முட்டைக்கோசு போட்ட குடும்பம்.
முன்பொருமுறை பழங்கதை கேட்டுப் போய்
அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்:
"உன் ஸ்காட்லாந்துப் பேய்களின் பேரெல்லாம்
உனக்கு மனப்பாடமா, மோராக்?
கோசுப் புழுவைப் பற்றிக் கேள், சொல்கிறேன்."

இன்று படத்தின் முன்னால் நின்றவள்
ஏணியைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்.

"எங்கள் வீட்டில் ஆணி மட்டும் இருந்தது.
அடுப்புக்கு மேலே, ஏறக்குறைய இதே உயரம்.
எதையும் மாட்டியதில்லை.
ஐந்து முறை வண்ணம் அடித்தோம்.
ஒவ்வொரு முறையும் அம்மா
ஆணியைச் சுற்றித்தான் அடிக்கவிடுவாள்.
ஏன் என்றால் அவளுக்கும் தெரியாது."

வீட்டை விற்றபோது?

"அங்கேயேதான்" என்றாள்.
பிறகு, "தேனைத் துடை,
எறும்பு மாவு டப்பாவுக்குள் போய்விடும்."

பள்ளி திறந்த வாரம்
ஏழு ஆற்றங்கரையிலும் நடந்து
விளக்குகளை ஊதி அணைத்தேன்.
முப்பது பக்கம் இருட்டானது.
இருட்டில் ஒரு சமையலறை.
பன்னிரண்டாம் பேரரசர் தனியாக உள்ளே வருகிறார்.
மூக்கு ஒழுகுகிறது.
கிரீடத்தைக் கழற்றி, வைக்க இடம் தேடுகிறார்.
சுவரில் ஓர் ஆணி.
"அதில் மாட்டாதே" என்கிறாள்
கீரை நறுக்குகிறவள், நிமிராமலே.
ஏன் என்று கேட்கிறார்.

அவள் கத்தியை நிறுத்துகிறாள்.

மணி இரண்டரை.
இறங்கிப் போய்க் கல்லை எடுக்கவேண்டும்.