இரண்டில் ஒன்று

குரோனிங்கன், முப்பத்தொன்று, பிப்ரவரி.
கால்வாய் உறைந்து கிடந்தது.
என் வேலை சுருக்கெழுத்து;
நாளுக்கு நான்கு கில்டர், காபி தனி.
இயற்பியல் எனக்குத் தெரியாது என்பதற்காகவே
என்னை அமர்த்தியிருந்தார்கள்.
தெரிந்தவர்கள் கேட்டதை எழுதமாட்டார்களாம்,
கேட்டிருக்க வேண்டியதை எழுதுவார்களாம்.

மேசைக்கு அந்தப் பக்கம் வேனமா,
கோட்டுக் கை முழுக்கச் சாக்குத்தூள்.
இந்தப் பக்கம் டென்மார்க்கிலிருந்து தெஸ்ட்ரூப்.
ஆரஞ்சை உரித்தபடியே பேசுவார்,
தின்ன மறந்துவிடுவார்.
பேச்செல்லாம் ஜெர்மனில்.
இருவருக்குமே அது இரவல் மொழி.

கரும்பலகையில் ஒரே ஒரு சமன்பாடு.
அதில் சண்டையே இல்லை.
ஆளுக்கொரு மூலையில் நின்று கணக்குப் போட்டாலும்
ஆறாம் தசமம் வரை விடை ஒன்றுதான்.
விடை வந்த பிறகுதான்
சண்டை வந்தது.

"பார்ப்பதற்கு முன்னால்
எலெக்ட்ரான் எங்கே இருந்தது?"
வேனமா கேட்டார்.
"பார்ப்பதற்கு முன்னால் அதற்கு
'எங்கே' கிடையாது."
"கிடையாதா, தெரியாதா?"
தெஸ்ட்ரூப் ஒரு சுளையைப் பிய்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பிறகு ஏதோ ஒன்றைச் சொன்னார்.

என் சுருக்கெழுத்தில் இரண்டுக்கும் ஒரே வளைவு.
கிடையாது என்றால் மெல்லிய கோடு,
தெரியாது என்றால் அழுத்திய கோடு.
அன்று பேனா தொட்டதா, அழுந்தியதா
என்பது
என் கைக்கே நினைவில்லை.

மூன்றாம் நாள் மாலை
வேனமா மேசையில் குத்தினார், மைப்புட்டி துள்ளியது.
"இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம்!
உண்டா, இல்லையா?"
தெஸ்ட்ரூப் சிரிக்கவில்லை.
"பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் வரும், ட்யாலிங்.
மூன்று நாளாய் நானும்
அதைத்தானே சொல்கிறேன்."
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
வேனமா மேலங்கியை விட்டுவிட்டு வெளியே போனார்.

மேலங்கியைக் கொடுக்க ஓடியவள்
மாடிப்படி ஜன்னலில் நின்றுவிட்டேன்.
கால்வாய் நடுவே அவர்.
குதிகாலால் பனிக்கட்டியைத் தட்டுகிறார்,
ஓரடி வைக்கிறார், மறுபடி தட்டுகிறார்.
இருக்கிறது, இருக்கிறது
என்று அதனிடமே சொல்லிக் கேட்பவர் போல.
யாரும் பார்க்கவில்லை என்று
நினைத்திருப்பார்.

தட்டச்சுப் பிரதியை இருவருக்கும் அனுப்பினேன்.
'தெரியாது' என்று திருத்தி வந்தது ஒன்று, பச்சை மையில்.
'கிடையாது' என்று மற்றொன்று, பென்சிலில்.
அச்சான தொகுப்பில்
அந்த வரியே இல்லை.

பிறகு போர். பிறகு இருவரின் இரங்கல் குறிப்புகள்,
எட்டு வருட இடைவெளியில்.
இரண்டிலும் 'நெருங்கிய நண்பர்' என்றிருந்தது.

எழுபத்தாறில் ஃபெம்க நோர்ட்ஹாஃப் என்ற பெண்
என் நோட்டுப்புத்தகத்தைத் தேடி வந்தாள்.
நிலவறையில் கால்சியம் ஆவியைச் சுடவைத்து
இரட்டை ஒளித்துகள்களை எதிரெதிர்ச் சுவர்களுக்கு அனுப்பி
மூன்று வாரம் எண்ணியிருக்கிறாள்,
இரவில் மட்டும். பகலில் டிராம் அதிருமாம்.

"வேனமா ஆசைப்பட்ட உலகம்,
அவர் ஆசைப்பட்ட எளிமையில், இல்லை" என்றாள்.
"அப்படியானால் தெஸ்ட்ரூப்?"
"அவர் சொன்னதுதான் சரி என்றும்
எண்கள் சொல்லவில்லை."
தன் பக்கம் தோற்றது போல
முகம் வாடியிருந்தது. எந்தப் பக்கம்
என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
விளக்கருகே கொண்டுபோனாள், பூதக்கண்ணாடி வைத்தாள்.
"மை ஊறிவிட்டது, மிஸ் வியர்டா.
அழுத்தமா, மெல்லிசா, சொல்ல முடியவில்லை."

வேறு குறிப்பு ஏதாவது உண்டா என்றாள்.
இல்லை என்றேன்.
ஜன்னலை அவளிடம் சொல்லவில்லை.
நான் பார்த்ததால்தான் பனி தாங்கியது
என்பார் ஒருவர்.
தாங்கிய பனியைத்தான் நான் பார்த்தேன்
என்பார் மற்றவர்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்,
அவர் கரையேறும்வரை
அந்த மேலங்கி என் கையில் கனத்தது.