பின்னணியைக் கழித்தல்

பகலில் என் வேலை நீலம்.
சிப்காட் சாயக் கம்பெனியின் ஆய்வகத்தில்
விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துணித் துண்டுகள்:
ஒன்று திருப்பூர்க்காரர் அனுப்பியது,
மற்றது எங்கள் தொட்டியில் நனைந்தது.
"ஒரு பொட்டு சிவப்பு ஏறிருச்சு தில்லைக்கரசி"
என்பார் மேனேஜர்.
அறுநூறு கிலோ திரும்பி வரும்.
அந்தப் பொட்டு எனக்கும் தெரியும்.

தை பிறந்து மழை விலகிய பின்
சனிக்கிழமை இரவுகளில் தியாகவல்லி.
சவுக்குத் தோப்புக்கு அப்பால்
இறால் குஞ்சுப் பண்ணையின் மொட்டைமாடி.
கேமரா ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் வாங்கியது,
பொத்தான் இடுக்கில் இன்னும் சந்தனம்.
லென்சைச் சுற்றிச் சூட்டுப் பட்டை,
அதன்மேல் மகனின் பள்ளிக்கூட சாக்ஸ்.
இல்லாவிட்டால் உப்புப் பனி
பத்தே நிமிடத்தில் கண்ணை மூடிவிடும்.

காவலாளி அஞ்சாப்புலி
வாசல் ஹாலஜனை அணைத்துத் தருவார்.
"இருவது நிமிஷம்தான். ஓனர் போன்ல பாப்பாரு."
அறுபது நொடிக்கு ஒன்றாய், உச்சிக்குச் சற்று வடக்கே,
கார்த்திகை.
பிறகு வெளிச்சம். பிறகு இன்னொரு இருபது.

"அங்க என்னதான் இருக்கு?"
"தூசி."
"தூசியவா எடுக்குற?"
ஆமாம். அந்த மீன்களுக்குச் சொந்தமில்லாத தூசி,
போகிற வழியில் குறுக்கிட்டது.
எரியாது. தானாய் ஒளிராது.
மேலே விழுந்ததில் நீலத்தைத்தான் அதிகம் இறைக்கும்,
பகலில் நம் தலைக்கு மேல் காற்று செய்வதைப் போல.

ஞாயிறு இரவு கோப்பைத் திறந்தால் எல்லாம் பச்சை.
சென்சாரின் நாலு கட்டத்தில்
இரண்டு பச்சை, ஒரு சிவப்பு,
ஒரே ஒரு நீலம்.
மூடி போட்டு எடுத்த இருட்டைக் கழித்தேன்.
வெள்ளைப் பனியன் போர்த்தி எடுத்த வெளிச்சத்தால் வகுத்தேன்.
நூற்றிருபதையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினேன்.
சூரியனைப் போன்ற ஒரு மங்கல் மீனைத் தேடி
இதுதான் வெள்ளை என்றேன் கணினியிடம்.
எதையாவது வெள்ளை என்று நம்பாமல்
எந்த நிறமும் நிற்காது.

பிறகு அது வந்தது.
ஆறில் தெற்கே நிற்கும் மீனின் அடியில்,
கடைசி அலசலில் தண்ணீரில் இறங்குமே,
அவ்வளவு நீலம்.

செறிவை ஏற்றினேன். நன்றாக இருந்தது.
இன்னும் ஏற்றினேன்,
சொட்டு நீலம் கொட்டிய வேட்டி ஆயிற்று.
இறக்கினேன்.
இதற்கு மாதிரித் துணி அனுப்ப ஆள் இல்லை.
வெறுங்கண்ணுக்கு, தெரிந்தாலும், சாம்பல்தான்.
திருப்பி அனுப்ப யாருமில்லாத நீலத்தை
எங்கே நிறுத்துவது?

மிச்சம் மேற்கு ஓரம்.
நெய்வேலிப் பக்கத்து ஆரஞ்சு,
எதிர் ஓரத்தில் படகு விளக்குகளின் பச்சைக் கசிவு.
புள்ளி வைத்துப் புள்ளி வைத்து
எது பின்னணி என்று காட்டினேன்.
கழித்தது. நீலத்திலும் கொஞ்சம் கொண்டுபோனது.
திரும்ப வைத்தேன். திரும்பக் கழித்தேன்.
மணி நாலு.

அப்போதுதான் உறைத்தது,
இந்த ஆரஞ்சும் அதுதானே.
எங்கள் கொதிகலன் புகை, லாரி கிளப்பிய மண், கடலின் உப்பு,
தனக்கென்று ஒரு வெளிச்சமும் இல்லாமல்
தெருவிளக்கை ஏந்தி நிற்கிறது.
குடிகாட்டில் நாற்றத்துக்கு ஜன்னல் சாத்தித் தூங்குகிறவர்கள்
அதற்குள்தான் தூங்குகிறார்கள்.

உறைத்தும் கழித்தேன்.
நான் நீலம் தேடி வந்தவள்.

படத்தை அஞ்சாப்புலிக்கு அனுப்பினேன்.
பதிலுக்குக் குரல், பின்னால் ஏரேட்டர் இரைச்சல்:
"நல்லாருக்கும்மா. ஆனா கடைசித் தடவ
லைட்ட அணைக்க மறந்துட்டேன்.
அதக் காணமே?"

அடுக்கைப் பிரித்துப் பார்த்தேன்.
நூற்றொன்றிலிருந்து நூற்றிருபது வரை
கீழ் விளிம்பில் பனியில் கரைந்த மஞ்சள்,
இறக்கை போல ஒன்று, நடுவில் அடர்ந்து, ஓரத்தில் நைந்து.
என்னுடையதைவிட நல்ல படம்.

புது ஃபோல்டர். பெயர் கேட்டது.
தியாகவல்லி 1 என்று அடித்துவிட்டு
காலை ஷிப்டுக்கு ஓடினேன்.