வாக்குமூலம்

கோரிமேட்டில் இறங்கிப் பார்த்தால்
இடது செருப்பு காலில் இல்லை.
படிக்கட்டில் நின்று வந்தேன்.
கன்னியக்கோவிலா, தவளக்குப்பமா,
கழன்ற இடம் கால் சொல்லவில்லை.

மூளைப் படம் நார்மல்.
முதுகெலும்பும் நார்மல்.
ரத்தத்தில் ஒன்றுமில்லை.
"அப்புறமென்ன, பிரியாணி சாப்பிட்டுப் போவோம்" என்றார் கதிரொளி.
நல்ல மனுஷன்.
விழுந்த மூன்று முறையும் தூக்கியவர்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
பதினேழு வருஷம் டைப்பிஸ்ட் நான்.
சாட்சி உளறினால்
உளறியபடியே அடிக்க வேண்டும்.
இப்போது 'ழ' இருக்குமிடம்
விரலுக்கு மறந்துபோகிறது.

டாக்டர் ஷெரின்
படங்களை உறைக்குள் போட்டாள்.
"நீங்க சொல்லுங்க."

வெந்நீரில் குளித்தால் வலக்கண்ணில் புகை.
குனிந்தால்
பிடரியிலிருந்து குதிகால்வரை கரண்ட்.
ஐப்பசி மழையோடு வந்தது,
பொங்கலுக்குள் போய்விட்டது,
பங்குனியில் திரும்பி வந்திருக்கிறது.

இருக்கு என்று சொல்லவில்லை அவள்,
இல்லை என்றும்.
முதுகில் நீர் எடுக்க நாள் குறித்தாள்.
பிறகு நான் சொன்னதையெல்லாம்
சொன்னபடியே எழுதிக்கொண்டாள்,
கரண்ட் உட்பட.

வெளியே
சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது.
அவசரமில்லாமல் கடந்தேன்.
எதிர்ப்பக்கம் நின்ற கதிரொளி
என் வெறுங்காலையே பார்த்தார்.
பிரியாணிப் பேச்சை
அதற்குப் பிறகு எடுக்கவில்லை.