கைகட்டி நிற்றல்

குடல்வால் எடுக்க எனக்குப் பதினெட்டு நிமிடம்.
புகோபாவில் எல்லோருக்கும் தெரியும்.
ஏரிக்கரை மீன் சந்தையில்கூட
என் வலது கைக்குப் பெயர் உண்டு.

அந்தக் கையைத்தான்
பாக்கெட்டில் போடச் சொன்னாள் நமுகோலோ.

லுசாக்காவில், ஒரு விடுதியின் கூட்ட அறை.
ஏழு நாடுகளிலிருந்து இருபத்திரண்டு அறுவை மருத்துவர்கள்.
அவள் மருத்துவர்கூட இல்லை.
பள்ளி வாத்தியார்களுக்குப்
பாடம் நடத்தக் கற்றுத் தருபவள்,
என்னைவிடப் பதினோரு வயது சின்னவள்.
மேசைமேல் ஒரு ஷூ கயிறு வைத்தாள்.
"முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுங்கள்.
வாயால் மட்டும்."

எதிரே அஸ்மாராவின் தெஸ்ஃபாலெம்.
முப்பது வருடம் முடிச்சுப் போட்டவர்
அன்று மட்டும் ஒன்றும் தெரியாதவர்.
"கயிற்றை எடுங்கள்" என்றேன்.
எடுத்தார்.
"சுற்றுங்கள்."
தன் கழுத்தைச் சுற்றிக்கொண்டார்.
அறையே சிரித்தது.
"அப்படியில்லை, இப்படி."
இப்படி என்பது
பாக்கெட்டுக்குள் இருந்தது.

நாலாயிரம் வயிறு திறந்திருக்கிறேன்.
ஒரு வாக்கியம் திறக்க வரவில்லை.
கத்தியால் செய்தால் சிகிச்சை,
வாயால் செய்தால் வெறும் அறுவை.

இரவு கொசுவலைக்குள் யோசித்தேன்,
எனக்கு யார் சொல்லித் தந்தது?
விரல் முட்டியில் இடுக்கியால் அடித்தவர் ஒருவர்.
"தள்ளு" என்று கத்தியைப் பிடுங்கியவர்கள் பலர்.
தள்ளித் தள்ளி நின்று
எட்டிப் பார்த்துக் கற்றேன்.
பிறகு நானும் பிடுங்கினேன்.
அதற்கு வேகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம்.
ராத்திரி இரண்டு மணி, ஜெனரேட்டர் சத்தம்,
பதினான்கு வயதுப் பையனின் வயிறு.
கத்தி எலியூடியிடம்.
அவன் தேடுகிறான்.
குடல் வழுக்குகிறது, திரும்பத் தேடுகிறான்.
செவிலி ஃப்ளோரியானா என்னைப் பார்க்கிறாள்:
"இன்னும் என்ன, பிடுங்கு."
என் பத்து விரலும்
கையுறைக்குள் எழுந்து நிற்கின்றன.
நெஞ்சோடு சேர்த்துக் கோத்துக்கொள்கிறேன்.
இரத்தம் இல்லை. நாடி சரி.
அவசரம் எனக்கு மட்டும்தான்.

அப்போதுதான் வந்தது,
நாலாயிரம் வயிற்றிலும் என் விரல் செய்து
வாய் ஒருதரமும் சொல்லாத ஒன்று:

"பெருங்குடல்மேல் வெள்ளைப் பட்டை தெரிகிறதா?
அதைப் பிடித்துக்கொண்டே போ.
அது முடிகிற இடத்தில் இருக்கும்."

போனான்.
இருந்தது.

நாற்பத்தொரு நிமிடம்.
மாத அறிக்கையில் எழுதினேன்:
அறுவை ஒன்று, செய்தவர் எலியூடி.
கையை எடுத்ததற்குக் கட்டம் இல்லை.
கண்காணிப்பாளர் கேட்டார்,
"அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"
"சும்மா நின்றேன்."
அதற்குச் சம்பளம் கிடையாது என்றார், சிரித்துக்கொண்டேதான்.

மாதத்தின் முதல் வியாழன், இரவு எட்டு மணி.
தெஸ்ஃபாலெம் குரல் அறுந்து அறுந்து வரும்.
முசூசுவின் சிமாங்கோ
சிக்னலுக்காக ஆஸ்பத்திரித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்பார்.
நமுகோலோ ஒன்றே கேட்பாள்:
"எத்தனை முறை பிடுங்கினீர்கள்?"

சிமாங்கோ ஆறு என்கிறார்.
இரண்டு இரத்தப்போக்கு, பிடுங்கத்தான் வேண்டும்.
மற்ற நான்கும்?
"பயம்."
யாருடையது என்கிறாள்.
தொட்டிமேல் காற்றடிக்கிறது.
இணைப்புப் போய்விட்டதென்றே நினைத்தோம்.
"என்னுடையதுதான்" என்றார்.

கையை எடுத்தால் கைவிட்டதாகிவிடுமோ
என்றுதான் இத்தனை வருடம் பயந்தேன் என்று
சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.
என் முறை வந்தது.

"மூன்று" என்றேன்.
"ஒன்றுக்குக் காரணம் இருந்தது."