உதடு பொருந்திய இடம்

தாய்லாந்தில் அந்தப் படத்துக்கு வேறு பெயர்.
'ஆற்றின் தங்கை' என்று தமிழில் எழுதித் தந்தேன்.
விநியோகஸ்தர் மரியசூசை
திருச்சியிலிருந்து போனில் சிரித்தார்:
"தங்கச்சிக்கு எவன்மா டிக்கெட் எடுப்பான்?"
வெள்ளிக்கிழமை மன்னார்குடிச் சுவர்களில்
'சயாம் சிங்கம்' ஒட்டியிருந்தது.
படத்தில் சிங்கம் கிடையாது.
நாலு யானை, ஒரு ஆற்று நாகம்,
செத்தும் சாகாத ஒரு சேனாதிபதி.

பசை இன்னும் காயவில்லை.
காயாது. ஐப்பசி.
தியேட்டருக்குப் பின்னால் கொள்முதல் நிலையத்தில்
குறுவை நெல் தார்ப்பாய்க்குள் படுத்து
முளைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
நூற்று நாற்பத்து மூன்றாம் டோக்கனுக்கு மேல்
நாளைக்குத்தான் என்றதும்
மூட்டையை விட்டு எழுந்து வந்தவர்கள்,
அறுவடை மெஷின் ஓட்டும் ஆத்தூர்ப் பையன்கள்,
நடவுக்கு வந்திருக்கும் வங்காளத்துச் சுபல்,
அவன் கூட்டாளிகள் நாலு பேர்,
நான்.
பகல் காட்சிக்கு இருபத்தாறு டிக்கெட்.

'வசனம்: பொற்கோடி' என்று
ரெண்டு வினாடி என் பெயர் வந்தது.
கொடியின் கொம்பில் ஒரு சுழி கூடி
கோடீஸ்வரி ஆகியிருந்தேன்.
நிமிடத்துக்கு முந்நூறு ரூபாய்,
அதில் பாதி இன்னும் வரவில்லை.

அந்த ஊர் வாய் சீக்கிரம் மூடிவிடும்.
நம் வாக்கியமோ வினைமுற்றைக்
கடைசியில்தான் கண்ணில் காட்டும்.
இளவரசன் வாளை உறையில் போட்ட பிறகும்
என் தமிழ் அவன் தாடைக்கு வெளியே
தொங்கிக்கொண்டிருந்தது,
'கொன்றுவிடுவேன்' என்று.

இடைவேளைக்கு முன்னால் பெரிய சண்டை.
யானைகள் வரப்பை உடைத்து இறங்கின.
அம்பாரியில் நின்ற இளவரசன்
நான் மூன்று ராத்திரி விழித்து எழுதியதைத் தொடங்கினான்:
'இந்த மண்ணில் விழும் என் ரத்தம்...'

"டேய் டேய் டேய்,
பயிர்ல எறங்காதீங்கடா!"

மூன்றாம் வரிசையில் வைரக்கண்ணு எழுந்துவிட்டார்.
"பால் புடிக்கிற பயிருடா அது!"
"ரெண்டு மா போச்சு," என்றது இன்னொரு குரல்.
சுபல் தன் பாஷையில் ஏதோ வைதான்.
டப்பிங் தேவைப்படவில்லை.
எதிரி யானை சாய்ந்தபோது விசில் இல்லை,
அது சாய்ந்த இடத்தையே பார்த்தார்கள்.
மண்ணில் விழுந்த ரத்தம்
என்ன ஆனது என்று
ஒருவர் காதிலும் விழவில்லை.

எனக்கு இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது.
ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடம்.
நாகம் இழுத்துப் போன தங்கை
தண்ணீருக்கடியிலிருந்து கை நீட்டுவாள்,
விரலிடுக்கில் ஒரு வெள்ளைப் பூ.
அண்ணன் பூவின் பெயரைத்தான் சொல்வான்.
அவன் பாஷையில் 'மலி'.
ஸ்டுடியோவில் அந்த வாயை
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு
ஒரு 'ல்' மட்டும் சேர்த்தேன்.
'மல்லி.'
படம் முழுக்க
அவன் உதடும் என் எழுத்தும்
ஒன்றாய் மூடி ஒன்றாய்த் திறந்த
ஒரே வினாடி அது.

இருக்கையின் நுனிக்கு வந்தேன்.
பச்சைத் தண்ணீர் சுழன்றது. கை நீண்டது.
தகரக் கூரைமேல்
மழை அள்ளிக் கொட்டியது.
"தார்ப்பா!" என்று யாரோ கத்த,
கதவுகள் திறந்து வெளிச்சம் பாய்ந்து
பாதிப் படம் வெளுத்தது.
இளவரசனின் வாய் மட்டும் அசைந்தது.
சுபல் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான்.
கேட்கவில்லை.
அவன் உதடும் ஒருமுறை மூடித் திறந்தது,
அவர்கள் ஊரில் அந்தப் பூவுக்கு என்ன பெயரோ.

நானும் வெளியே ஓடினேன்.
முழங்கால் சேற்றில் நின்று வைரக்கண்ணு
தார்ப்பாயின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தார்.
"அந்தத் தங்கச்சிப் பொண்ணு பொழச்சுதா?"
"பொழச்சுட்டா."
படத்தில் அப்படி இல்லை.
"சரி, அந்த மூலைய இழு,"
என்றார், "காத்து தூக்குது."